மலைநாட்டுக் குளிரில் பனைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலவாக்கலைக்கு மேலே, தேயிலை மலைக்கும் வீட்டுக்கும் நடுவில் கிடக்கும் ஒரு துண்டுச் சரிவில் பல ஆண்டுகளாகப் பனையினங்களை வளர்த்து வருகிறேன். பிழைத்தவற்றைவிடச் செத்தவை அதிகம். வேலியோரம் நின்று விசாரிப்பவர்களும் தொலைபேசியில் பிடிப்பவர்களும் பெரும்பாலும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். பனை என்று நான் எழுதும்போது யாழ்ப்பாணத்துப் பனையை மட்டும் நினைக்க வேண்டாம். தென்னை, கமுகு, கித்துள், ஈச்சை, பிரம்பு எல்லாம் அடங்கிய முழுக் குடும்பத்தையும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து பனங்கொட்டை கொண்டுவந்து நுவரெலியாவில் போட்டால் வளருமா?

முளைக்கலாம், மரமாகாது. நானும் ஒரு முறை சாவகச்சேரியிலிருந்து நாலு கொட்டை கொண்டுவந்து புதைத்தேன். ஒன்று முளைத்தது. மூன்று ஆண்டில் மூன்று இலை விட்டது. நாலாவது மழைக்காலத்தில் அழுகிப் போனது. வெயிலைக் குடித்து வளரும் மரத்தை மூடுபனியில் நிறுத்தினால் அதுதான் நடக்கும்.

தென்னை?

இலை விடும். தேங்காய்க் கடைக்குப் போவதை நிறுத்த முடியாது. கண்டிக்குக் கீழே இறங்கினால்தான் தென்னைக்கு மனம் நிறையும். ஹற்றன் உயரத்தில் காய்க்குமென்று யாராவது கன்று விற்க வந்தால், அவருடைய வீட்டு முற்றத்தில் காய்த்திருக்கிறதா என்று கேளுங்கள்.

"கடுங்குளிர் தாங்கும் பனை, மைனஸ் 15 பாகை" என்று பையில் எழுதியிருக்கிறது. அதை வாங்கினால் போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

அந்த எண்ணை எழுதியவர் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார். அவருடைய கவலை ஜனவரி மாதம். ஒரு வாரம் உறைபனி கொட்டும். அதைத் தாண்டிவிட்டால் ஜூன், ஜூலையில் வெயில் வந்து மரத்தைத் தேற்றிவிடும். நம்முடைய நிலை வேறு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவு. மாதத்துக்கு மாதம் அந்தச் சராசரி இரண்டு மூன்று பாகைக்கு மேல் மாறாது. கடுங்குளிர் என்று சொல்லத்தக்க குளிர் இங்கே இல்லை. கோடை என்ற ஒன்றும் இல்லை. ஆண்டு முழுவதும் ஒரே இளங்குளிர். ஜூலையில் வெயில் வர வேண்டிய நேரத்தில் தென்மேற்குப் பருவமழையும் மூடுபனியும் வருகின்றன.

ஆகவே நாம் கேட்க வேண்டியது, "எவ்வளவு குளிரைத் தாங்கும்?" என்பதல்ல, "வெயில் இல்லாமல் எவ்வளவு வளரும்?" என்பது. இரண்டும் வெவ்வேறு குணங்கள். அமெரிக்காவின் தென்கிழக்கில் வளரும் ஊசிப்பனைதான் பனையினங்களிலேயே மிகக் கடுமையான உறைபனியைத் தாங்குவது. மைனஸ் 20 பாகைக்கும் அசையாது. ஆனால் அது பிறந்த ஊரில் கோடை கொதிக்கும். அந்தக் கோடை கிடைக்காத இடத்தில் அது ஆண்டுக்கு ஓர் இலை, இரண்டு இலை என்று உட்கார்ந்திருக்கும். அதே நாட்டின் குட்டைச் சபால் பனையும் அப்படித்தான். மறுபக்கம், அந்தீஸ் மலைச்சரிவில் பிறந்த பனைகள் சில பாகை உறைபனியில் கருகிவிடும், ஆனால் 16 பாகையில் உற்சாகமாக வளரும். பையில் எழுதிய எண்ணை நம்பினால் முதலாவதைத்தான் வாங்குவீர்கள். நமக்கு வேண்டியது இரண்டாவது.

இன்னொரு கணக்கும் உண்டு. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறத்தாழ ஆறு பாகை குறையும். கண்டியில் சரியென்றது ஹற்றனில் சந்தேகம். ஹற்றனில் சரியென்றது நுவரெலியாவில் இன்னும் சந்தேகம். "மலைநாட்டுக்கு ஏற்றது" என்று ஒரே வரியில் யாராவது சொன்னால் எந்த உயரத்தில் என்று திருப்பிக் கேளுங்கள்.

அப்படியானால் எதைத்தான் நடுவது?

முதலில் சூசான் பனை. தாவரவியலார் டிராக்கிகார்ப்பஸ் ஃபார்ச்சூனி என்பார்கள். விசிறி இலை, தண்டு முழுக்கப் பழுப்பு நார் சுற்றிய மரம். சீன மலைகளைச் சேர்ந்தது. உறைபனியையும் தாங்கும், கோடை இல்லாததையும் பொறுத்துக்கொள்ளும். இரண்டு குணமும் சேர்ந்து கிடைப்பது அரிது. இதன் பெயரில் நமக்கு ஓர் உறவும் இருக்கிறது. ஃபார்ச்சூனி என்பது ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற ஸ்கொட்லாந்துக்காரரைக் குறிக்கும். 1848இல் கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பி, சீனத் தேயிலைக் கன்றுகளை ஒளித்துக் கடத்தி இமயமலைச் சரிவுகளுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். அதே பயணக் காலத்தில் இந்தப் பனையையும் இங்கிலாந்துக்கு அனுப்பினார். தேயிலைக்காக ஒரு மக்கள் கூட்டமே கடல் கடந்து வந்த மலையில், அந்தத் தேயிலையைக் கடத்தியவரின் பெயர் தாங்கிய மரம் நிற்பதைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். சீனாவில் இதன் நாரில் கயிறும் துடைப்பமும் மழை அங்கியும் செய்தார்கள். நம் பெண்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது இடுப்பில் கட்டும் படங்குக்கு அது தூரத்து உறவு.

என் மனம் அதிகம் சாய்வது இதன் தார்ஜீலிங் சகோதரியிடம். விண்டமியர் பனை என்று அழைக்கப்படும் டிராக்கிகார்ப்பஸ் லாட்டிசெக்டஸ். தார்ஜீலிங், கலிம்பொங் பகுதிகளில் எப்போதும் கண்ணெதிரே நின்ற மரம். ஆனாலும் 1997இல்தான் தனி இனம் என்று விவரிக்கப்பட்டது. அதற்குமுன் வேறொன்றின் பெயரில் ஓடிக்கொண்டிருந்தது. தேயிலையும் பருவமழையும் மூடுபனியும் ஒன்றாக உள்ள ஊரிலிருந்து வருவதால் நம் மலையில் அதற்கு அந்நியம் எதுவுமில்லை. இலை அகலமாக, தோல்போலக் கனமாக இருக்கும். காட்டில் அருகிவிட்ட இனம் என்பதால் விதை கிடைப்பதுதான் கடினம்.

அடுத்து அந்தீஸ் மலைக்காரர்கள். கொலம்பியாவின் மெழுகுப் பனை உலகிலேயே உயரமான பனை. 60 மீற்றர்வரை போகும். 1985இல் அந்த நாடு அதைத் தன் தேசிய மரமாக்கியது. அதன் வீடு 2,000 மீற்றருக்கு மேற்பட்ட மழைமேகச் சரிவுகள். கொழும்பில் நட்டால் வெப்பத்தில் செத்துவிடும்; நுவரெலியா அதற்குச் சொந்த ஊர்போல. ஈக்குவடோரின் தலைநகர் கீட்டோ, 2,850 மீற்றர் உயரத்தில், தெருவோரம் வளர்க்கும் பராஜூபேயா என்ற பனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பார்வைக்கு அசல் தென்னை. காய் கோழிமுட்டை அளவு. உள்ளே தேங்காய்ப் பருப்பே இருக்கிறது, தின்னலாம். தென்னை வேண்டுமென்று அடம்பிடிப்பவர்களுக்கு நான் சொல்லும் சமாதானம் இதுதான்.

நியூசிலாந்தின் நிக்காவ் பனை, அவுஸ்திரேலியாவின் பங்கலோ பனை, லோட் ஹோவ் தீவின் கென்டியா ஆகிய மூன்றும் ஈரமும் இளங்குளிரும் விரும்புகின்றவை. பங்கலோதான் மூன்றிலும் வேகம். கமுகு மாதிரியே நேராக ஏறும். தூரத்தில் பார்ப்பவர்கள் பாக்கு எப்போது பழுக்கும் என்று கேட்பார்கள்.

ஊவா பக்கத்தில், அதாவது பண்டாரவளை, வெலிமடை போன்ற மழை மறைவு இடங்களில், பட்டியல் மாறும். அங்கே வறண்ட மாதங்கள் இருப்பதால் கனேரித் தீவு ஈச்சை, மத்தியதரைக்கடல் குட்டைப் பனை, பிரேசிலின் பூத்தியா ஆகியவை நன்றாக இருக்கும். பூத்தியாவின் மஞ்சள் பழத்தில் ஜாம் காய்ச்சலாம். இவற்றையே வட்டவளை மழையில் நட்டால் குருத்து அழுகலோடு மல்லாட வேண்டிவரும்.

கண்டி, பதுளை உயரத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் பக்கமே தேவையில்லை. பேராதனைத் தோட்டத்தில் வரிசையாக நிற்கும் அரசப் பனைகளைப் பார்த்து ஆசைப்பட்டதை நடலாம். அதே அரசப் பனையை நுவரெலியாவில் நட ஆசைப்படுபவர்களைத்தான் தடுக்க வேண்டியிருக்கிறது.

நம் ஊர்க் கித்துள் இருக்கும்போது வெளிநாட்டுப் பனை எதற்கு?

நியாயமான கேள்வி. 1,500 மீற்றருக்குக் கீழே இருந்தால் முதலில் கித்துளையே நடுங்கள். மீன்வால் போன்ற இலை, பாணி, கருப்பட்டி, துடைப்பத்துக்கு நார், கடைசியில் தண்டுக்குள் மாவு. இத்தனையும் தரும் வேறொரு மரத்தை நான் பார்த்ததில்லை. இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டு நடுங்கள். உச்சியில் முதல் பாளை வந்ததும் மரம் கடைசி அத்தியாயத்துக்கு வந்துவிட்டது என்று பொருள்: பாளைகள் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக இறங்கி, கடைசிப் பாளை முடிந்ததும் மரம் செத்துவிடும். இரண்டாவது, பழத்தைக் கையால் பிசைய வேண்டாம். சதையில் ஊசிபோன்ற ஒட்சலேட்டுப் படிகங்கள் இருக்கின்றன. அரிப்பு ஒரு நாள் முழுக்க விடாது. பிள்ளைகள் ஓடியாடும் முற்றம் என்றால் ஓரமாக நடுங்கள்.

ஹக்கலையில் நிற்கும் குடை மாதிரி மரமும் பனைதானே?

அது மரப் பன்னம், அதாவது மரம்போல வளரும் பெரணி. ஓடைக்கரையிலும் காட்டு ஓரத்திலும் நிற்பதும் அதே. பன்னத்துக்குப் பூவும் இல்லை, விதையும் இல்லை. கடைகளில் பனை என்று விற்கும் சைகஸும், விசிறி மாதிரி விரியும் பயணி வாழையும்கூடப் பனையல்ல.

விதை, கன்று எங்கே கிடைக்கும்?

வெளிநாட்டிலிருந்து கடிதத்துக்குள் வைத்து வரவழைக்க வேண்டாம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இறக்குமதி அனுமதி எடுக்காமல் வரும் விதை பிடிபடும். சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. தெற்கே வெலிகமப் பக்கம் தென்னையில் பரவிய இலை வாடல் நோயைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பனையினத்துக்கு ஒரு நோய் வந்தால் அது வேலியோடு நிற்காது. அந்தப் பகுதியிலிருந்து எந்தப் பனைக் கன்றையும் மலைக்கு ஏற்ற வேண்டாம்.

உள்ளூரில் நல்ல வழி, பழைய பங்களாத் தோட்டங்களில் காய்க்கும் மரத்தைக் கண்டுபிடித்துக் கேட்பது. சூசான் பனையில் ஆண் மரம், பெண் மரம் வேறு. இரண்டும் பக்கத்தில் நின்றால்தான் விதை முளைக்கும். விதை புதிதாக இருக்க வேண்டும். சதையைத் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் ஊறவைத்து, பிழிந்தால் நீர் சொட்டாத அளவு ஈரமான தும்புத்தூளோடு பொலித்தீன் பைக்குள் கட்டி, அடுப்படிச் சுவரில் தொங்கவிடுங்கள். அந்த இளஞ்சூடு போதும். சூசான் பனை இரண்டு மூன்று மாதத்தில் வெள்ளை வேர் காட்டும். மெழுகுப் பனை ஓராண்டுகூட எடுக்கும். பையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வேர் கண்டதும் தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணையில் பயன்படுத்தும் கறுப்புப் பைக்கு மாற்றலாம், ஆனால் நீளமான பையாகப் பாருங்கள். (தவறணை என்று யாழ்ப்பாணத்து நண்பரிடம் சொன்னபோது, பனைக்கும் தவறணைக்கும் சம்பந்தமில்லாமல் எப்படி என்றார். அவர் ஊரில் அது கள் விற்கும் இடம்.)

எப்படி நடுவது? பழைய தேயிலை மண்ணில் வருமா?

வரும். தேயிலை மண் புளிப்பானது, பி.எச். 4.5 முதல் 5.5 வரை. பெரும்பாலான பனைகள் அதைச் சகித்துக்கொள்ளும். கனேரி ஈச்சைக்கும் மத்தியதரைக்கடல் பனைக்கும் மட்டும் டொலமைட் கலந்து புளிப்பைக் குறையுங்கள். உண்மையான எதிரி தேங்கும் நீர். சரிவில் நடும்போது குழிக்கு மேல்பக்கம் சிறு கான் வெட்டி நீரைத் திருப்பிவிடுங்கள். கானுக்குள்ளேயே நட்டவர்களும் இருக்கிறார்கள். நீர் கிடைக்குமே என்றார்கள். களிமண் தரையாக இருந்தால் குழி தோண்டாமல் மேடு கட்டி நடுவது மேல்.

தண்டின் அடியை மண்ணுக்குள் ஆழமாகப் புதைக்காதீர்கள். காற்றில் ஆடாமல் இருக்கட்டும் என்று புதைத்த கன்றுகளில் பாதியை நான் இழந்திருக்கிறேன். மே மாத மழைக்கு முன்போ, ஒக்டோபரிலோ நடலாம்.

பழைய இலை மஞ்சளாகிறது. தேயிலை உரம் போடலாமா?

தேயிலை உரம் வேண்டாம். அது இலைப் பயிருக்கான கலவை. நைதரசன் தூக்கலாக இருக்கும். பனைக்குப் பொட்டாசியமும் மக்னீசியமும் நிறைய வேண்டும். நம் மழை முதலில் கழுவிக்கொண்டு போவதும் அவற்றைத்தான். தென்னைக்கு விற்கும் கலவை கிடைத்தால் அதைப் பாதி அளவில், இரண்டு மூன்று தவணையாகப் போடுங்கள்.

மஞ்சளைப் படிக்கத் தெரிந்தால் உரக்கடைக்காரர் சொல்வதைக் கேட்க வேண்டியதில்லை. பழைய இலையின் ஓரம் பளிச்சென்று மஞ்சளாகி நடு நரம்போரம் பச்சையாக இருந்தால் மக்னீசியக் குறை. டொலமைட் அல்லது கீசரைட். பழைய இலையில் செம்மஞ்சள் புள்ளிகள் விழுந்து நுனி கருகினால் பொட்டாசியக் குறை. எல்லா இலையும் ஒன்றாக வெளுத்திருந்தால் நைதரசன். மஞ்சளாகிவிட்டதே என்று அந்த இலையை வெட்டிவிடாதீர்கள். மரம் அதிலிருந்து பொட்டாசியத்தை எடுத்து மேலே அனுப்பிக்கொண்டிருக்கிறது. வெட்டினால் அடுத்த இலையை உறிஞ்சத் தொடங்கும்.

உயரமாகிவிட்டது. தேயிலை மாதிரிக் கவ்வாத்து வெட்டினால் அடியில் துளிர்க்குமா?

துளிர்க்காது. செத்துவிடும். தொல்காப்பியம் வெளியே வைரம் கொண்டவற்றைப் புல் என்றும் உள்ளே வைரம் கொண்டவற்றை மரம் என்றும் பிரித்தது. அந்தக் கணக்கில் பனை புல். தாவரவியலும் அதை ஒருவித்திலைத் தாவரமாகப் புல்லின் பக்கத்தில்தான் வைத்திருக்கிறது. தேயிலைக்கு உடம்பெல்லாம் மொட்டு. வெட்ட வெட்டத் தழைக்கும். ஒற்றைத் தண்டுப் பனைக்கு உயிர் உச்சியில் ஒரே இடத்தில் இருக்கிறது. தண்டில் விழுந்த வெட்டும் ஆறாது. பட்டை வந்து மூடாது. துணிக்கொடி கட்ட ஆணி அடிப்பவர்களுக்கும் இதே பதில்.

நடுக்குருத்தை இழுத்தால் கையோடு வருகிறது. செத்துவிட்டதா?

இன்னும் இல்லை. குளிரும் ஈரமும் சேர்ந்தால் வரும் குருத்தழுகல் இது. வந்ததை இழுத்து எறிந்துவிட்டு, உள்ளே நாறும் சேற்றைத் துடைத்து எடுத்து, தேயிலைக் கொப்புள நோய்க்கு அடிக்கும் செப்பு மருந்தைக் கரைத்துக் குழிக்குள் ஊற்றுங்கள். பத்து நாளில் மீண்டும் ஒரு முறை. பிறகு மழை உள்ளே இறங்காமல் மேலே ஒரு தகரத் துண்டு. மூன்று மாதம் காத்திருங்கள். ஓரம் கடித்ததுபோல அரைகுறை இலை ஒன்று வெளியே வந்தால் பிழைத்துவிட்டது. வரவில்லையென்றால் அந்தக் குழியில் வேறு எதையாவது நடலாம்.

துகள் உறைபனி விழும் நாட்களில் மூட வேண்டுமா?

டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை, வானம் தெளிந்து காற்று நின்ற இரவுகளில்தான் அது விழும். குளிர்காற்று தண்ணீர் மாதிரி. சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஆகவே பள்ளத்து உருளைக்கிழங்கு கருகியிருக்கும்போது, இருபது அடி மேலே நிற்கும் கன்றுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இடம் தேர்ந்து நட்டால் பாதி வேலை முடிந்தது. சூசான் பனைக்கு மூடவே வேண்டாம். கென்டியா, நிக்காவ், பராஜூபேயா கன்றுகளுக்கு மாலையில் உரச்சாக்கு போட்டு, காலையில் வெயில் ஏறுமுன் எடுத்துவிடுங்கள். மறந்து விட்ட சாக்குக்குள் கன்று வேகும்.

அப்புத்தளைக் காற்றுக்கு எது நிற்கும்?

தண்டுகள் நிற்கும், இலைதான் கிழியும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் சூசான் பனையின் பெரிய விசிறிகள் ஒடிந்து தொங்கி அழகு கெட்டுப்போகும். சிறிய, விறைத்த இலை கொண்ட வாக்னர் வகை சூசான் பனை கிடைத்தால் அதை நடுங்கள். இல்லையென்றால் சவுக்கு வேலிக்குப் பின்னால் நடுவதைத் தவிர வழியில்லை.

காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி?

முள்ளம்பன்றிதான் மோசம். ஒரே இரவில் இளந்தண்டின் அடியைக் கடித்து உள்ளே இருக்கும் இனிப்பை எடுத்துவிடும். தண்டு தொடையளவு பருக்கும்வரை தகரம் சுற்றி ஓர் அடி மண்ணுக்குள் இறக்குங்கள். சிவப்புக் கூன்வண்டு வெப்பம் விரும்பும் பூச்சி. உயரத்தில் தொல்லை குறைவு. பதுளைப் பக்கம் கனேரி ஈச்சை வைத்திருப்பவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும், அது வண்டுக்கு விருந்து. வெட்டுக்காயத்தின் வாசனைக்கே தேடி வரும்.

மண்சரிவைத் தடுக்குமா?

நம்ப வேண்டாம். பனைக்கு ஆணிவேர் கிடையாது. சரிவுக்கு வெட்டிவேர் நடுங்கள். மரம் கல்லணையின் விளிம்பில் வேண்டாம்.

காட்டுக்குள் பரவிவிடாதா?

பரவலாம். இதை விளையாட்டாக எடுக்கக் கூடாது. சுவிட்சர்லாந்தின் தெற்குக் காடுகளில் பறவைகள் விதை தூவி சூசான் பனை காடாகிப் போனதால், 2024 செப்டெம்பரிலிருந்து அதன் விற்பனையையே அங்கே தடைசெய்துவிட்டார்கள். பங்கலோ பனை பிரேசில் காட்டிலும் நியூசிலாந்திலும் இதே வேலையைச் செய்கிறது. ஹோர்டன் சமவெளியில் யாரோ அழகுக்குக் கொண்டுவந்த முட்செடி என்ன செய்திருக்கிறது என்று போய்ப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பாளை காய்த்ததும் பழுக்குமுன் வெட்டி எடுங்கள். காட்டு எல்லையில் வீடு இருந்தால் பங்கலோவை விட்டுவிடுங்கள்.

லயத்து முற்றத்தில் இடம் ஓர் ஆள் படுக்கும் அளவுதான். என்ன செய்வது?

தொட்டியில் ராப்பிஸ் அல்லது சமடோரியா என்ற சிறு பனை. இரண்டும் நிழலில் வாழும். வாசற்படிக்குப் பக்கத்தில், பீலித் தண்ணீர் தெறிக்காத இடமாக வையுங்கள். பழைய பெயின்ட் வாளி போதும், அடியில் துளை மறக்காமல். வீடும் நிலமும் பெயருக்கு எழுதிக் கிடைக்காதவர்களுக்குத் தொட்டியில் ஒரு வசதி, போகும் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாம்.

எத்தனை ஆண்டில் மரம் என்று சொல்லலாம்?

சூசான் பனை, நல்ல மண்ணில், ஐந்தாறு ஆண்டில் தண்டு காட்டும். பிறகு ஆண்டுக்கு ஒரு சாண். பங்கலோ அதைவிட வேகம். மெழுகுப் பனை பத்து ஆண்டுக்கு மேலும் தரையோடு தரையாக இலையை மட்டும் விரித்துக்கொண்டிருக்கும். என்னிடம் உள்ளது இப்போதும் முழங்கால் உயரம்தான்.

கோவில் திருவிழா வருகிறது. தோரணத்துக்கு உங்கள் மரத்தில் குருத்தோலை வெட்டிக்கொள்ளலாமா?

கூடாது. தென்னை மாதம் ஒரு குருத்து விடும், ஒன்றை எடுத்தால் தாங்கும். மலையில் நிற்பவை அவ்வளவு தாராளமாக விடுவதில்லை. கீழ்நாட்டிலிருந்து பஸ்ஸில் வரும் தென்னங்குருத்தை வாங்கிக்கொள்ளுங்கள். பந்தலுக்கு முதிர்ந்த விசிறி இலை இரண்டு மூன்று வேண்டுமென்றால் சனிக்கிழமை காலையில் வரலாம். மட்டையில் பொடி முள் இருக்கிறது, கையுறை கொண்டுவாருங்கள்.